தாயம் விழுந்தால்தான் இறங்கலாம்

இரவு ஒரு மணிக்கு மேல் இருக்கும். ஆயாவின் காய் ஏணி ஏறி நடு வரிசைக்குப் போய்விட்டது. என் காய் ஏதோ ஒரு பாம்பின் வாயில் விழுந்து, மறுபடி அடி வரிசையில் கிடந்தது. சின்னாயாவின் காய் மட்டும் இன்னும் படத்துக்குள்ளேயே வரவில்லை. அது ஒரு பச்சை வளையல் துண்டு. ஆட்டம் ஆரம்பித்தபோது படத்துக்கு வெளியே சிமெண்டுத் தரையில் எங்கே வைத்தாளோ, அங்கேயே இருந்தது. அவளுக்குத் தாயம் விழவில்லை.

"பாவம் ஆயா, சின்னாயாவ சும்மா எறக்கி விட்றலாம்" என்றேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

"தாயம் வுழாம எப்பிட்றா எறங்குறது?" என்றாள் ஆயா, கையை நீட்டியபடியே. "பொறக்காமயே பரமபதம் போவ முடியுமா?"

சின்னாயா சிரித்தாள். "நீ போடுக்கா. எனக்கு என்ன அவசரம்."

பாலக்கோட்டுக்கும் மாரண்டஹள்ளிக்கும் நடுவில் இருக்கிற எங்கள் கிராமத்தில் அது வைகுண்ட ஏகாதசி இரவு. மார்கழிக் குளிர் அந்தப் பக்கம் எலும்புக்குள் இறங்கும். பெரியவர்கள் நாள் முழுக்கப் பட்டினி. விடியற்காலை பெருமாள் கோயிலில் சொர்க்கவாசல் திறக்கும் வரை கண்மூடக் கூடாது. வசதியானவர்கள் தருமபுரிக் கோட்டைப் பரவாசுதேவர் கோயிலுக்கு மாலையே பஸ் ஏறிவிடுவார்கள். மற்றவர்களுக்குத் தூக்கத்தை விரட்ட இருந்தது பரமபதப் படம். எங்கள் வீட்டில் இருந்தது சந்தையில் வாங்கிய காகிதப் படம். மைதாப் பசை காய்ச்சிப் பழைய காலண்டர் அட்டையில் ஒட்டியிருந்தோம். மடித்து மடித்து நடுவில் வெளுத்துப்போய், அந்தக் கோடு ஓடிய கட்டங்களில் இருந்த தேவர்களுக்கெல்லாம் முகம் இல்லை.

பரமபத சோபன படம் என்பது அதன் முழுப் பெயர். சோபானம் என்றால் படிக்கட்டு. அடியில் மிருகப் பிறவிகள், அதற்கு மேல் மனிதப் பிறவி, அதற்கும் மேல் தேவலோகங்கள், உச்சியில் பெருமாள். நல்ல குணத்துக்கு ஏணி, கெட்ட குணத்துக்குப் பாம்பு. பாம்புகளுக்கு அசுரர் பெயர்கள். உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு பெரிய பாம்பு படுத்திருக்கும். அதன் வாயில் விழுந்தால் நேராகத் தரைக்கு வந்துவிட வேண்டியதுதான். சின்ன வயதில் பாம்பு என்றாலே எனக்கு அதுதான். கரும்புக் கொல்லையில் நிஜப் பாம்பைப் பார்த்தபோதுகூட அவ்வளவு பயம் வரவில்லை.

இந்த ஆட்டத்தின் வரலாற்றைத் தேடினால் முதலில் வந்து நிற்பது ஒரு பெயர்: ஞானேஸ்வர். 13ஆம் நூற்றாண்டு மராட்டிய ஞானி, குழந்தைகளுக்கு ஒழுக்கம் சொல்லித்தர இதைக் கண்டுபிடித்தார் என்று வாட்ஸ்அப்பில் வருஷத்துக்கு ஒருமுறை எனக்கு வந்துவிடுகிறது. நம்புவதற்கு இனிமையான கதைதான். ஆனால் வடக்கில் ஞான் சௌபர் என்ற பெயரில் கிடைத்திருக்கிற பலகைகளும் துணிப்படங்களும் பெரும்பாலும் 18, 19ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. வைணவர்கள் 72 கட்டம் வைத்திருந்தார்கள், சமணர்கள் 84. சூஃபிகளிடமும் ஒன்று இருந்தது. ஆக, ஒரே மனிதர் ஒருநாள் உட்கார்ந்து வரைந்த ஆட்டமாக இது எனக்குத் தெரியவில்லை. அவரவர் சாமி, அவரவர் சொர்க்கம். பாம்பும் ஏணியும் மட்டும் எல்லாருக்கும் பொது. இந்தப் பலகைகள் குழந்தைகளுக்காக வரையப்பட்டவையும் அல்ல. விரதம் இருக்கிற பெரியவர்கள், தாங்கள் செத்தபிறகு எங்கே போவோம் என்ற கவலையோடு ஆடியவை.

அது குழந்தை விளையாட்டாக மாறியது கப்பல் ஏறிய பிறகுதான். 1890களில் இங்கிலாந்தில் பாம்பும் ஏணியும் அச்சாகிக் கடைக்கு வந்தது. பிறவியும் பரமபதமும் போய், அந்தக் காலத்து வெள்ளைக்காரர்களுக்குப் பிடித்த குணங்கள் கட்டங்களில் வந்து உட்கார்ந்தன. சிக்கனமாக இருந்தால் ஏணி ஏறி நிறைவு, உழைத்தால் வெற்றி. சோம்பேறித்தனம் பாம்பு வழியாக வறுமைக்கு, கீழ்ப்படியாமை அவமானத்துக்கு. நம் ஊர்ப் பலகைகளில் பெரும்பாலும் பாம்புகள் அதிகம், ஏணிகள் குறைவு. அங்கே இரண்டையும் கிட்டத்தட்டச் சமமாக்கினார்கள். பிறகு குணங்களும் உதிர்ந்து, பத்துக்குப் பத்து, நூறு கட்டம், வெறும் எண்கள் என்று ஆயிற்று. 1943இல் அமெரிக்காவில் பாம்பையே எடுத்துவிட்டுப் பள்ளி மைதானத்துச் சறுக்குமரம் போட்டார்கள், பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று. பயம் இல்லாமல் அந்த ஆட்டத்தில் வேறு என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. பாம்பும் ஏணியும் இங்கிலாந்தில் கடைக்கு வந்த அதே காலத்தில்தான் பச்சிசியும் உருமாறிப் போனது. அக்பரின் ஃபதேபூர் சிக்ரி முற்றத்தில் இன்றும் கட்டம் தெரிகிற ஆட்டம் அது. 1896இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கி லூடோ ஆயிற்று. இரண்டும் ஒரே அட்டையின் இரண்டு பக்கங்களாக அச்சடிக்கப்பட்டு, ஒரு ப்ளாஸ்டிக் பகடையோடு பாலக்கோட்டுக் கடைக்குத் திரும்பி வந்து சேர்ந்தன. என் மாமா வாங்கித் தந்தார்.

அந்த அட்டையை ஆயாவிடம் காட்டியபோது அவள் முதலில் கேட்டது: "இதுல தாயம் எங்கடா?"

"தாயம் வேண்டாம் ஆயா. எது வுழுந்தாலும் எறங்கலாம்."

அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டாள். என்னைக் கேட்டால், பரமபதம் பாம்பும் ஏணியுமாக ஆனதில் போன பெரிய விஷயம் பெருமாள் அல்ல, வாசலில் காத்திருப்பது. எங்கள் வீட்டு ஆட்டத்தில் தாயம், அதாவது ஒன்று, விழாமல் யாரும் உள்ளே நுழைய முடியாது. கடைசியிலும் அப்படித்தான், சரியான எண் விழாமல் பரமபதம் கிடைக்காது. பெட்டியில் வந்த ஆட்டத்தில் முதல் உருட்டிலேயே எல்லாரும் நடக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது கையில் இருக்கிற பகடையைப் பொறுத்தது. எங்களிடம் இருந்தது ஆறு புளியங்கொட்டை. எங்கள் மாவட்டங்களில் புளிக்கா பஞ்சம்? மாசி, பங்குனியில் எந்தத் தெருவுக்குப் போனாலும் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருப்பார்கள். ஓடு ஒரு பக்கம், நார் ஒரு பக்கம், கொட்டை ஒரு பக்கம். அஞ்செட்டி மலைப் பக்கத்து உரிகம் புளிக்குச் சந்தையில் தனி மரியாதை. அதன் சதை கனமாக இருக்கும். தாயத்துக்கு ஆயா பொறுக்குவது அதன் கொட்டையைத்தான். வாசல்படிக் கல்லில் ஒரு பக்கத்தை மட்டும் தேய்ப்பாள், கறுப்புத் தோல் போய் வெள்ளைப் பருப்பு தெரிகிற வரை. தேய்க்கும்போது கொட்டை சுடச்சுட ஆகிவிடும். அந்தச் சூட்டோடு பக்கத்தில் இருப்பவன் கையிலோ கழுத்திலோ வைத்துவிட்டு ஓடுவது எங்களுக்கு ஆட்டத்தைவிடப் பெரிய ஆட்டம். சின்னாயாவின் பேரன் அதில் கெட்டிக்காரன். என் வலது முழங்கையில் ஒரு தழும்பு அவன் கொடுத்தது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் அது அம்மைத் தழும்பு.

ஆறையும் கையில் குலுக்கிப் போட வேண்டும். ஒன்று மட்டும் வெள்ளை காட்டினால் தாயம். இரண்டு, மூன்று, நான்கு வெள்ளைக்கு அந்தந்த எண். ஐந்து வெள்ளை அஞ்சு, ஆறும் வெள்ளை ஆறு, எல்லாமே கவிழ்ந்து ஒரே கறுப்பாக விழுந்தால் பன்னிரண்டு. தாயம், அஞ்சு, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் இன்னொரு முறை போடலாம். பித்தளைத் தாயக்கட்டை வைத்திருப்பவர்களுக்கும் இதே எண்கள்தான். ஒவ்வொரு கட்டையிலும் நான்கு முகம், அவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள், ஒரு முகம் வெறுமை. இரண்டு கட்டையும் வெறுமை காட்டினால் பன்னிரண்டு. ஓசூர்ப் பக்கம் போனால் தெலுங்குக்காரர் வீட்டில் அஷ்டா சம்மா என்பார்கள், கன்னடக்காரர் வீட்டில் சௌக்கா பாரா என்பார்கள். அங்கே நான்கு சோழி, நான்கும் வாயைக் காட்டினால் நாலு, நான்கும் கவிழ்ந்தால் எட்டு. எங்கள் தெருவில் மூன்று மொழியும் இருந்ததால் சண்டை வரும்போது யாருக்கு எந்த விதி சௌகரியமோ அந்த மொழிக்கு மாறிக்கொள்வார்கள்.

பிற்பாடு கல்லூரியில் நிகழ்தகவு படித்தபோது, வாத்தியார் காசு சுண்டிக்கொண்டிருந்த நேரத்தில் நான் நோட்டின் கடைசிப் பக்கத்தில் புளியங்கொட்டைக் கணக்குப் போட்டேன். ஆறு கொட்டை விழுவதற்கு மொத்தம் 64 வழி. அதில் ஒன்று மட்டும் வெள்ளையாவது 6 வழி. பித்தளைக் கட்டை இரண்டுக்கு 16 வழி, தாயம் 2. ப்ளாஸ்டிக் பகடையில் ஆறில் ஒன்று. அதாவது பத்து முறை போட்டும் தாயம் விழாமல் வெளியே உட்கார்ந்திருக்கிற வாய்ப்பு, ப்ளாஸ்டிக் பகடையில் நூற்றுக்கு 16, பித்தளைக் கட்டையில் 26, புளியங்கொட்டையில் 37. இது எல்லாக் கொட்டையும் நியாயமாக விழுந்தால். எங்கள் கொட்டைகளுக்கு நியாயம் கிடையாது. ஒன்று சப்பை, ஒன்று கொஞ்சம் உருண்டை. ஆயாவுக்கு ஒவ்வொன்றின் குணமும் தெரியும். சப்பையை மட்டும் எப்போதும் சுண்டுவிரல் பக்கமாக வைத்துப் போடுவாள்.

சின்னாயாவுக்கு அந்தச் சூட்சுமமெல்லாம் தெரியாது. கொட்டையை அப்படியே அள்ளி, அப்படியே போடுவாள்.

இந்தக் கட்டம் போடுகிற பழக்கம் எவ்வளவு பழையது என்றால், நற்றிணையின் மூன்றாம் பாட்டிலேயே இருக்கிறது. வேப்பமரத்தின் புள்ளி விழுந்த நிழலில், உரைகல்லில் கோடு கிழித்த மாதிரித் தரையில் கட்டம் இழைத்து, படிக்காத சிறுவர்கள் நெல்லிக்காயை வைத்து வட்டாடுகிறார்கள். இளங்கீரனார் பாட்டு. பாலை நிலத்துச் சிற்றூர் அது. சித்திரை மாதத்தில் பென்னாகரம் சாலையோரம் எங்கே பஸ்ஸை நிறுத்தி இறங்கினாலும் அந்தக் காட்சிக்கு ஒன்றும் குறையிருக்காது. இதே தகடூர் நாட்டு அதியமான், கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தான் என்று புறநானூறு சொல்கிறது. எங்கள் பக்கத்துப் பையன்களாக இருந்தால் அதை வைத்து ஆடியிருப்பார்கள்.

வள்ளுவருக்கும் கட்டம் தெரியும். படிக்காமல் சபையில் பேசுவது அரங்கு இழைக்காமல் வட்டாடுவது போல என்று கல்லாமையில் முதல் குறளிலேயே சொல்கிறார். சூதுக்குத் தனி அதிகாரம் வைத்துத் திட்டியவர், இங்கே கோபமே இல்லாமல் ஆட்டத்தை உவமைக்கு எடுத்துக்கொள்கிறார். சூது அதிகாரத்தில் அவர் சொல்லும் சொல் 'உருளாயம்', உருள்கிற பகடை. கீழடியில் தந்தத்தால் செய்த பகடை கிடைத்திருக்கிறது. மொகஞ்சதாரோவில் ஆறு முகப் பகடையும் கிடைத்திருக்கிறது, தாயக்கட்டை மாதிரி நீளமானவையும் கிடைத்திருக்கின்றன. இன்றைய பகடையில் எதிரெதிர் முகங்களைக் கூட்டினால் ஏழு வரும். மொகஞ்சதாரோப் பகடையில் ஒன்றுக்கு எதிரே இரண்டு, மூன்றுக்கு எதிரே நான்கு, ஐந்துக்கு எதிரே ஆறு. மரத்தில் காய்த்த பகடையும் ஒன்று உண்டு. ரிக்வேதத்துச் சூதாடி தன் பெண்டாட்டியும் மாமியாரும் வெறுக்கிற நிலைக்கு வந்து புலம்புகிறான். அவன் உருட்டியது தான்றிக்காய். திரிபலா சூரணத்தில் கடுக்காய், நெல்லிக்காயோடு சேர்கிற அதே தான்றி. எறிந்த காய்களை நான்கு நான்காகக் கழித்தால் மிச்சம் வருவதற்கு ஒவ்வொரு பெயர். மிச்சமே இல்லாவிட்டால் கிருதம், ஒன்று மிஞ்சினால் கலி. ஒன்று மிஞ்சியவன் தோற்றான். நம் ஆட்டத்தில் ஒன்று விழுந்தால்தான் வாழ்க்கையே தொடங்குகிறது. எங்கே எப்போது இது தலைகீழானது என்று யோசித்தால் எனக்குத் தூக்கம் போய்விடும்.

எங்கள் ஊரில் பகடைக்கு இன்னொரு முகம் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் பாரதக் கூத்து மண். கோடையில் திரௌபதி அம்மன் கோயில், தர்மராஜா கோயில்களில் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து. அதில் பகடை துகில் இரவு வந்தால் ஊரே கனத்துவிடும். தருமர் ஒவ்வொன்றாக வைத்துத் தோற்பார். நகுலன், சகாதேவன், அர்ச்சுனன், பீமன், பிறகு தான், பிறகு பாஞ்சாலி. கதை எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் சகுனி வேஷக்காரர் பகடையை உருட்டக் கையை ஓங்கும்போது, முன்வரிசைக் கிழவிகள் "வேணாம் சாமி, எந்திரிச்சிப் போயிடு" என்று தருமரைப் பார்த்துக் கத்துவார்கள். அந்தப் பகடை சகுனி தன் அப்பன் எலும்பில் செய்தது, அதனால்தான் சொன்ன எண் விழுகிறது என்பாள் ஆயா. பாரதம் நடக்கிற நாட்களில் எங்கள் வீட்டில் தாயம் போடக் கூடாது. புளியங்கொட்டை டப்பா உத்தரத்துக்குப் போய்விடும். "பங்காளிங்க ஒக்காந்து தாயம் போட்டா வூடு வெளங்காது" என்பது அவள் சொல். அதை யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று அந்த வயதில் நான் கவனிக்கவில்லை.

ஆயாவும் சின்னாயாவும் ஓரகத்திகள். சின்னத் தாத்தா நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். கிணற்று நிலம் நாலு ஏக்கரும் என் தாத்தா பேரில் இருந்தது. பாகம் பிரிக்கலாம், பிரிக்கலாம் என்று ஒவ்வொரு தைக்கும் பேச்சு வரும், சித்திரையில் அடங்கிவிடும். சின்னாயா பின்கட்டு அறையில் இருந்தாள், அதே கிணற்று நிலத்தில் கூலிக்கு வருகிறவர்களோடு சேர்ந்து களை எடுத்தாள். ஆண்கள் கத்திக்கொண்டார்கள், ஒரு கட்டத்தில் முன்கட்டும் பின்கட்டும் பேச்சை நிறுத்தின. வருஷத்தில் ஒரு ராத்திரி, ஏகாதசிக்கு மட்டும், சின்னாயா விளக்கு ஏற்றிவிட்டு முன்கட்டுக்கு வருவாள். வளையல் துண்டு முந்தானையில் முடிந்திருக்கும். ஆயா படத்தை விரிப்பாள். அன்று யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

தாயம் என்ற சொல்லை நான் அகராதியில் பார்த்தது முப்பது வயதுக்கு மேல். பகடையில் விழும் ஒன்று என்ற பொருளும் இருந்தது. கூடவே பரம்பரைச் சொத்து, பங்காளிக்கு வர வேண்டிய உரிமைப் பங்கு என்றும் இருந்தது. தாயாதி, தாயபாகம் எல்லாம் அதிலிருந்து வந்தவை. அகராதியை மூடிவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். "தாயம் வுழாம எப்பிட்றா எறங்குறது?" என்று ஆயா சொன்னபோது சின்னாயா ஏன் சிரித்தாள் என்று அன்றுதான் யோசித்தேன். ஆயாவுக்கு அகராதி தெரியாது, சின்னாயாவுக்கும் தெரியாது. ஆனால் பாகம் பற்றி இருவருக்கும் தெரிந்ததில் பாதிகூட எனக்கு இன்றும் தெரியாது.

அந்த ராத்திரி நான் இடையில் தூங்கிவிட்டேன். கோயில் மேளச் சத்தத்தில் எழுந்து பார்த்தபோது படத்தை மடித்துவிட்டிருந்தார்கள். இரண்டு பேரும் ஒரே போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். தாயம் விழுந்ததா என்று கேட்டேன். சின்னாயா முந்தானை முடிச்சைத் தட்டிக் காட்டிவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் துவாதசிக்கு அகத்திக்கீரையும் நெல்லிக்காய்ப் பச்சடியும் பின்கட்டிலிருந்துதான் வந்தது.

பாகப் பத்திரம் இருவரும் போன பிறகுதான் பதிவானது. தாத்தா பெயரில் இருந்ததில் சரிபாதி சின்னாயாவின் பேரனுக்கு. கையெழுத்துப் போட்ட அன்று நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தோம். டீ வாங்கித் தரட்டுமா என்று அவன் கேட்டான், வேண்டாம் என்றேன். அதற்குப் பிறகு ஓசூரில் வேலை, கல்யாணம், வீடு என்று அவன் அங்கேயே இருந்துவிட்டான்.

போன மார்கழியில் அவன் வீட்டுக்கு வந்தான். கோயில் திருப்பணிக்கு வசூல் பேச வந்தவன், என் மகள் பரண் மேலிருந்து எடுத்து வைத்திருந்த டப்பாவைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். மகள் கொட்டையை எண்ணினாள். ஐந்துதான் இருந்தது. சப்பைக் கொட்டையைக் காணோம்.

"அஞ்ச வெச்சி ஆடலாமா பெரியப்பா?" என்று அவனைக் கேட்டாள். அவன் என்னைவிட மூன்று மாதம் மூத்தவன்.

"அதெப்டி? பன்னெண்டு எப்பிடி வுழும்?" என்று எழுந்து சமையலறைக்குப் போனான். புளிப் பானையில் கைவிட்டு ஒரு கொட்டையை எடுத்துக் கழுவினான். சட்டையில் துடைத்துவிட்டு வாசல்படிக்குப் போய்க் குந்தி உட்கார்ந்தான். கிரானைட் போட்ட புது வாசல்படி அது, கொட்டை வழுக்கியது. தெருவோரத்துக் கருங்கல்லைத் தேடிப் போய்த் தேய்த்தான். வெள்ளை வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மகள் பக்கத்தில் குந்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் படத்தை விரித்து, நடுவில் கிழிந்த இடத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தேன்.

அவன் உள்ளே வந்ததை நான் கவனிக்கவில்லை. கழுத்தில் சுரீரென்று சுட்டது.